வழி சொல்கிறவன் யார்?

கோவையில் சிறியதாக ஒரு பதிப்பகம் நடத்தப் பார்க்கும் நண்பர் ஒருவர், காட்டில் வழி தப்பினவன் உயிரோடு திரும்ப உதவுகிற கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவர விரும்புகிறார். இங்கிலீஷில் உள்ளவற்றில் எது உபயோகமானது என்று தேர்ந்து சொல், முடிந்தால் நீயே மொழிபெயர்த்துக் கொடு என்று எழுதியிருந்தார். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் தலையில் இம்மாதிரி வேலைகள் வந்து விழுவது வழக்கம்தான். ஆனால் இதை இலக்கியத்துக்கு வெளியே உள்ள வேலை என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாவலில் பொய்யான வாக்கியம் இருந்தால் வாசகன் சலித்துக்கொள்வான்; அதற்கு மேல் ஒன்றும் நேர்ந்துவிடாது. கையேட்டில் உள்ள பொய்யான வாக்கியம் ஆளைக் கொல்லும். எழுத்துக்கும் அனுபவத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த உறவு இவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கப்படுகிற இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களோடு ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களும் இருந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ, ஓடுகிற மனிதனைவிட வேகமாக மேல்நோக்கி ஏறும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ வெறும் பாறையோதான் புகலிடம். நல்ல கையேடுகளில் இது இருக்கிறது. இது தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது அநாகரிகம். நண்பரின் கேள்வி வேடிக்கையான கேள்வி இல்லை என்பதற்காக மட்டும் சொன்னேன்.

கிடைத்த புத்தகங்களைப் படித்தேன். பேடன் பவல் சாரணப் பையன்களுக்காக எழுதி 1908-ல் பகுதி பகுதியாக வெளிவந்தது. பிராட்ஃபோர்ட் ஆஞ்சியர் அமெரிக்க வடக்குக் காடுகளை மனதில் வைத்து 1956-ல் எழுதியது. அமெரிக்க ராணுவத்தின் கையேடு. பிரிட்டிஷ் விசேஷப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜான் வைஸ்மன் 1986-ல் வெளியிட்டது. வைஸ்மன் புத்தகம்தான் இன்றும் கடைகளில் அதிகம் அகப்படுகிறது. சுருக்குக் கண்ணி, பனிக்குகை, பாராசூட் துணியில் கூடாரம், கண்ணாடியால் விமானத்துக்குச் சைகை என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டிருக்கிறார். திறமையான புத்தகம். ஆனால் எந்தக் காடு என்று அதைக் கேட்டால், எல்லாக் காடும் என்று பதில் சொல்லும். பர்கூர் மலையும் பூமத்திய ரேகைக் காடும் அதற்கு ஒரே அத்தியாயத்தில் அடங்கிவிடுகின்றன.

இந்தப் புத்தகங்களைக் குறை சொல்ல ஒரு வாசகனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கலாம். வங்கியில் பதினொரு வருஷமாகச் சுற்றறிக்கைகள் படித்து வருகிறேன். உத்தரவு என்கிற இலக்கிய வகையில் எனக்கு நல்ல பரிச்சயம் உண்டு. ஒவ்வொரு சுற்றறிக்கைக்குப் பின்னாலும் எங்கோ ஒரு கிளையில் யாரோ செய்த தவறு இருக்கும். தவறைச் சொல்லாமல் விதியை மட்டும் அனுப்புவார்கள். காரணம் தெரியாத விதியை மனிதன் இரண்டு விதமாகத்தான் கையாளுகிறான்: மறந்துபோகிறான், அல்லது பொருந்தாத இடத்திலும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறான். காட்டில் இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

ஒரு உதாரணம். தெரியாத தாவரத்தைத் தின்னலாமா என்று கண்டுபிடிக்க அமெரிக்க ராணுவக் கையேட்டின் பின்னாளைய பதிப்பு ஒரு பரீட்சை வைக்கிறது. தோலில் தேய்த்துப் பார்; உதட்டில் வை; நாக்கில் வை; கொஞ்சம் விழுங்கு; எட்டு மணி நேரம் காத்திரு; இன்னும் கொஞ்சம் தின்று மறுபடி எட்டு மணி நேரம் காத்திரு. நம் வேலிகளிலும் புதர்களிலும் செங்காந்தள் ஏறிக் கிடக்கிறது. விதைக்காக இதை மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டுப் பயிரே செய்கிறார்கள். நம் மாநிலப் பூ. இதன் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. அதிலுள்ள கோல்ச்சிசின் விஷம் தின்ற உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதற்குப் பிறகு மருத்துவர் கையிலும் இல்லை. தாமதமாக வேலை செய்கிற விஷத்தின் முன், பசித்தவன் கையில் கடிகாரத்தைக் கொடுத்துப் பரீட்சை நடத்தச் சொல்வது சூதாட்டம். எந்தக் கொங்குக் குடியானவனும் அந்தக் கிழங்கைப் பார்த்த மாத்திரத்தில் பேர் சொல்லிவிடுவான். பேர் சொல்லத் தெரிந்தவனுக்குப் பரீட்சை தேவையில்லை.

தவிர, இந்தப் பரீட்சையே நமக்கு எதற்கு? சாப்பாடில்லாமல் மனிதன் பல நாட்கள் இருப்பான் என்று அதே கையேடுகள் சொல்கின்றன. நம் மலைகளில் வழி தப்பினவன் பட்டினியால் சாவதில்லை. தண்ணீர், இருட்டு, வழுக்கு, பாம்பு, யானை, இவற்றால்தான் சாகிறான். பாம்பைப் பற்றிப் பழைய கையேடுகள் பலவும் கடிவாயைக் கீறி உறிஞ்சச் சொல்லின. இன்று அது தப்பு என்று தெரிந்துவிட்டது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், ஆளை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் செய்ய வேண்டியது. அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்து செய்யப்படுகிறது. அந்த விஷத்தில் பெரும் பங்கை எடுத்துக் கொடுத்து வந்தவர்கள், 1978-ல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்து இருளர்கள். எந்தக் கையேட்டின் முகப்பிலும் இருளன் பெயர் இல்லை.

இது தற்செயலான விடுபடல் அல்ல என்பது என் எண்ணம். இந்தக் கையேடுகளுக்கு ஒரு மூதாதை உண்டு. 1719-ல் டீஃபோ எழுதிய ராபின்ஸன் குரூஸோ. உடைந்த கப்பலிலிருந்து சாமான்களைக் கரை சேர்க்கிறான், பட்டியல் போடுகிறான், தனக்கு நேர்ந்த நன்மை தீமைகளைப் பற்று வரவாகவே எழுதுகிறான். (வங்கிக்காரன் இதை மறக்க முடியாது.) வருஷக் கணக்கில் தனியாக இருந்தபின், ஒரு நாள் மணலில் வேறொரு மனிதனின் காலடித் தடத்தைப் பார்க்கிறான். சந்தோஷப்படவில்லை. பயந்து, தன் கோட்டைக்குள் ஓடி ஒளிகிறான். அந்தப் பயம் இந்தக் கையேடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அவை 'நீ' என்று விளிக்கிற ஆள் தனி ஆள். காடு அவனுக்கு எதிரி, அல்லது எதிரி ஒளிந்திருக்கும் இடம். மீட்சி வெளியிலிருந்து, பெரும்பாலும் ஆகாயத்திலிருந்து வரவேண்டும். அமெரிக்க ராணுவக் கையேடு, பிழைத்திருத்தல் என்கிற இங்கிலீஷ் சொல்லின் எட்டு எழுத்துக்களுக்கும் ஒவ்வொரு உபதேசம் வைத்திருக்கிறது. ஏழாவது எழுத்துக்கு உரியது, உள்ளூர்க்காரன் செய்கிறபடி செய் என்பது. மற்ற ஏழையும் விட்டுவிட்டு இதை மட்டும் புத்தகமாக எழுதியிருந்தால் நான் அதைத் தேர்ந்திருப்பேன். அங்கே அது எட்டில் ஒன்று.

நம் காடுகளைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் நேர்மையானவர்கள். பர்மாவில் போரிடப்போகும் சிப்பாய்களுக்கு இரண்டாம் உலக யுத்தத்தில் காட்டுப் பயிற்சி கொடுத்தவர் ஜிம் கார்பெட். காட்டைக் கற்ற தன் இளமையைப் பற்றி 1953-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் விதிகளின் பட்டியல் கிடையாது. எந்த மிருகம் எதைக் கண்டு கத்துகிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு பையன் காட்டைக் கற்றுக்கொண்ட கதை அது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தர்மபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்ஸன், தனக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்தவன் பைரா என்கிற பூசாரி என்று எழுதினார். தடத்தை வாசித்தவன் பைரா, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் ஆண்டர்ஸன். தமிழில் மா. கிருஷ்ணன் (அ. மாதவையாவின் மகன்) பறவைகளையும் மிருகங்களையும் பற்றி எழுதிய கட்டுரைகள், இந்த விஷயத்துக்கு வேண்டிய உரைநடை நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. ஆனால் இவை எதுவும் கையேடு அல்ல.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் ஏப்ரல் மாதம், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்காக நாங்கள் மூன்று பேர் தாமரைக்கரைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குப் போனோம். தார் ரோட்டை விட்டுக் குறுக்கு வழியில் இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் வழி போய்விட்டது. ஓடையைப் பிடித்துக் கீழ்நோக்கி நடந்தால் ஊர் வரும் என்று படித்திருந்தது நான்தான். ஓடை காய்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்க இறங்கப் பாறை செங்குத்தாகிக்கொண்டே போய், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சரிவில் நின்றுவிட்டது. கீழே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது தெரிந்தது. அதற்குள் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. சத்தம் போட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். அந்தச் சண்டைதான் எங்களைக் காப்பாற்றியது.

மேலிருந்து ஒரு குரல், "நின்ன எடத்துலயே நில்லுங்க, நான் வர்றேன்" என்றது. மாட்டு மணிச் சத்தமும் கேட்டது. பட்டி மாடு மேய்க்கிற பெரியவர். கன்னடம் கலந்த தமிழ். வந்து சேர்ந்ததும் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இந்தப் பள்ளத்துல எதுக்கு எறங்குனீங்க? வெய்யக்காலத்துல தண்ணி கெடக்கற எடம் ஆனை எடமுங்க." நான் படித்திருந்த விதி ஆள் நடமாட்டம் இல்லாத ஏதோ ஒரு மழைக்காட்டுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே அது எங்களை நேராக யானையிடம் அனுப்பிக்கொண்டிருந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு மலைபடுகடாத்தைத் திரும்ப எடுத்தபோது, அந்தப் பெரியவர் சொன்ன முதல் வாக்கியம் அதில் இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கல்லூரியில் இதைப் படிக்க வைத்தவர்கள் உவமையைக் காட்டினார்கள். பத்துப்பாட்டை உ.வே.சா. 1889-ல் பதிப்பித்துக் கொடுத்ததிலிருந்து இன்றுவரை இதன் அணிநயம்தான் பேசப்பட்டு வருகிறது. இது வழி சொல்லுகிற பாட்டு என்பதை யாரும் சீரியஸாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 583 அடிகள், ஆற்றுப்படைகளில் நீளமானது. நன்னனின் செங்கண்மாவுக்கு, அதாவது இன்றைய செங்கத்துக்கு, மலைக்காட்டு வழியாகப் போக வேண்டிய கூத்தர் கூட்டத்துக்கு, அந்த வழியில் போய் வந்த ஒருவன் சொல்கிறான்.

அவன் சொல்வதைப் பாருங்கள். தினைப்புனத்தில் பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் விடிந்த பிறகு போங்கள். பரண் மேலிருந்து யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மூங்கிலைக் கிழித்துக்கொண்டு வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டே அடியைத் தவறவிடாதீர்கள். மலைப்பாம்பு மரக்கட்டை போல வழியில் கிடக்கும், விலகிப் போங்கள். இரவானால் குகையில் தங்குங்கள். ஒவ்வொரு உத்தரவோடும் அதன் காரணம் சேர்ந்தே வருகிறது. எந்த இடத்தில் என்பதும் வருகிறது. என் சுற்றறிக்கைகள் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. பிறகுதான் நான் திடுக்கிட்ட இடம். குறவர்களே திசை மயங்குகிற இடம் ஒன்று உண்டு. அங்கே வழி தவறினால் நடப்பதை நிறுத்துங்கள். அகன்ற பாறை மேல் சேர்ந்து உட்கார்ந்து வாத்தியங்களை வாசியுங்கள். சத்தம் கேட்டுக் கானவர்கள் வருவார்கள், பழம் கொடுப்பார்கள், வழி காட்டுவார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் மீட்புப் படைக்காரர்கள் வழி தப்பினவனுக்குச் சொல்லும் முதல் புத்திமதி நில், பதறாதே, சத்தம் கொடு என்பதுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அந்தச் சத்தத்தைக் கேட்கக் காட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறான் என்று இந்தப் பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. காலடித் தடத்தைக் கண்டு குரூஸோ ஓடினான். கூத்தர்கள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வருகிற பெரிய பகுதி மலையில் எழுகிற ஓசைகளின் வரிசை. அருவி, யானை, அடிபட்டவர் வீட்டுப் பாட்டு, தினை குற்றுகிற பெண்கள். இந்தப் பகுதியால்தான் பாட்டுக்கே இந்தப் பெயர். வர்ணனை என்று தாண்டிப் போகிறோம். பாறை மேல் உட்கார்ந்து சத்தத்துக்குக் காத்திருப்பவன் காதால் படிக்க வேண்டிய பாடம் அது. எது மிருகம், எது மனிதன் என்று பிரித்தறிய வேண்டும். கார்பெட் சிறுவனாகக் கற்றதும் இதைத்தான். இன்னொரு இடத்தில், வழி பிரிகிற சந்தியைச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். பின்னால் வருகிற புதியவனுக்காக. நான் படித்த கையேடுகளிலும் அடையாளம் வைப்பது உண்டு; ஆனால் அது உன்னைத் தேடி வருகிறவர்களுக்காக, உனக்காக. இதில் யாரென்று தெரியாத இன்னொருவனுக்காக.

இங்கே நம்மவர்கள் ஒரு தப்பைச் செய்வார்கள் என்று தெரியும். வைஸ்மனுக்கு முன்பே நம்மிடம் எல்லாம் இருந்தது என்று மேடை போடுவார்கள். அதற்காக நான் இதை எழுதவில்லை. மலைபடுகடாத்தை எடுத்துக்கொண்டு யாரும் பர்கூர் மலை ஏற வேண்டாம். பாம்பு இருக்கிற குழியைக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறது அது. அதில் மலையில் உள்ளவர்கள் எல்லாரும் நன்னன் வாசலுக்குப் போகும் வழியில் சோறு போடுகிறவர்கள்தான். அவர்களுடைய கஷ்டம் என்ன என்று புலவர் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது அதன் உருவத்தை: குறிப்பிட்ட ஒரு வழி, அதில் போய் வந்த ஒருவன், உத்தரவோடு காரணம், காட்டில் இருக்கிற மனிதனோடு எப்படிப் பேசுவது என்பது, பின்னால் வருகிறவனுக்கு ஒரு புல் முடிச்சு. இந்த ஐந்தும் இல்லாத கையேடு எத்தனை படம் போட்டாலும் நமக்கு உபயோகமில்லை. இங்கிலீஷில் உள்ள எதிலும் இந்த ஐந்தும் சேர்ந்து இல்லை.

நண்பரின் திட்டத்தில் உள்ள சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அந்த மனிதன் இன்று காட்டில் இருக்கிறானா? நம் பக்கத்துக் காட்டில் பிழைத்திருத்தல் என்றால் என்ன என்று உண்மையாகச் சொன்ன புத்தகம் எது என்று என்னைக் கேட்டால், 2004-ல் வந்த ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி என்பேன். வீரப்பனைத் தேடிய காலத்தில் சோளகர்களுக்கு நேர்ந்ததை அது சொல்கிறது. கிழங்கும் தேனும் தடமும் தலைமுறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. வழி தெரியும் என்பதே குற்றமாயிற்று. அவர்கள் பிழைத்திருக்க வேண்டியிருந்தது காட்டிடமிருந்து அல்ல. இதைச் சொல்லாமல் சோளகர்களிடம் தாவரப் பெயர்களை மட்டும் கேட்டு வாங்கிக் கையேடு போடுவது, ஆண்டர்ஸன் பைராவுக்குச் செய்ததைவிடக் கேவலமான காரியம்.

எங்களைக் கண்டுபிடித்த பெரியவர் விஷயமும் அப்படித்தான். காட்டில் கால்நடை மேய்க்க 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று குறுக்கியது. 2024-ல் அந்தியூர், கோபி வட்டங்களின் காடுகளைச் சேர்த்துத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதே 2024-ல் அரசாங்கம் 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்தது. குரங்கணியிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்று அதை வரவேற்கலாம். ஆனால் சம்பளத்துக்கு வழி காட்டுகிறவன் நாம் போகும் தடத்தில் மட்டும் இருப்பான். வழி தப்புவது தடத்துக்கு வெளியே நடக்கிற காரியம். அங்கே இருக்க வேண்டியவன் பட்டி மாட்டுக்காரன்.

நண்பருக்குப் பதில் எழுதிவிட்டேன். எதையும் மொழிபெயர்க்க வேண்டாம். தீ, பாம்புக்கடி, தண்ணீர் இவை பற்றி நாலு பக்கம் போதும், அதை ஒரு மருத்துவர் பார்த்துத் திருத்தட்டும். மீதிப் புத்தகம் ஒரே ஒரு வழியைப் பற்றி இருக்கட்டும். தாமரைக்கரையிலிருந்து ஆரம்பிக்கலாம். எழுதுகிறவன் ஒரு மழைக்காலமும் ஒரு வெய்யில்காலமும் அந்த வழியில் நடந்திருக்க வேண்டும். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயர் முகப்பில் வர வேண்டும், எழுதினவன் பெயர் உள்ளே போகட்டும்.

அந்தப் பெரியவரின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. திரும்பிப் போகும்போது, நாங்கள் இறங்கின குறுக்கு வழியின் வாயில் ஒரு முள்ளை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்.